எட்டுக் கைப் பனிப்பூ

1

பொய் சொல்வது என் வழக்கமில்லை என்று தொடங்கினால், பக்கத்தில் இருந்து தேநீர் குடிக்கும் என் கணவர் புரையேறிச் சாவார். ஆகவே அப்படித் தொடங்கவில்லை. சின்னச் சின்னப் பொய்கள் சொல்வேன். மொன்றியலில் இருபத்திரண்டு குளிர்காலம் கழித்த எவளும் ஊருக்குச் சொல்லும் பொய்கள்தான். "குளிர் பழகிட்டு." "வேலை சுகம்." "மகள் நல்லாத் தமிழ் கதைப்பாள்." ஆனால் போன மார்கழியில் நான் சொன்ன பொய் இந்தக் கணக்கில் சேராது. அதைச் சொல்ல ஒரு விரல் தட்டுப் போதுமாக இருந்தது. திருத்தப் பங்குனி வரை பிடித்தது.

மட்டக்களப்பில் முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் பவளராணி. இப்போது அதே பெண்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. நாங்கள் உயிர்ச் சினேகிதிகள். ஒருவர் ஒரு படி மேலே போனால் மற்றவருக்கு அன்றிரவு சோறு இறங்காது, அவ்வளவு சினேகிதம். அன்று அவள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டு நந்தியாவட்டையில் ஒரு தேனீ. தேனீயின் கால் மயிரில் ஒட்டியிருந்த மகரந்தம்கூட ஒவ்வொரு பொட்டாகத் தெரிந்தது. "நானே எடுத்தன் கா" என்று கீழே எழுதி, ஒரு கண் சிமிட்டும் பொம்மை. 'கா' என்பது எங்கள் ஊர் 'அடியே'.

எனக்கு வயிறு எரிந்தது. வெளியே அந்த வருடத்தின் முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இணையத்தில் தேடி, நீலமும் வெள்ளியுமாக மின்னிய ஒரு பனிப்பூவின் படத்தை இறக்கி அவளுக்கு அனுப்பினேன். "எங்கட பல்கனியில விழுந்தது" என்று மட்டும் எழுதினேன். நான் எடுத்தேன் என்று எழுதவில்லை; வழக்கு என்று வந்தால் தப்பிக்க ஒரு வழி வேண்டும் அல்லவா?

அந்த வழியையும் அவள் அடைத்துவிட்டாள். ஒரு நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"நீயா எடுத்த?"

"ம்."

"மெய்யாவா கா?"

"ஓம் எண்டுறன்."

பவளம் சொன்னாள்: "இருவத்தேழு வருசமாத் தண்ணி உறையிறதப் படிப்பிக்கிறன். பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு இரிக்கிறது பிரிஜ்ஜில வாற ஐஸ்கட்டி மட்டும்தான். இதப் பாத்ததும் கண் கலங்கிட்டு, சுகந்தி. பங்குனியில எங்கட விஞ்ஞானக் கண்காட்சி. வாசல்லயே பெரிசா அடிச்சுத் தொங்க விடப்போறன். உன்ட பேரப் போட்டு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்ன எழுத்தில போடு" என்றேன். அடக்கமாம்.

2

என் மகள் அபிநயாவுக்கு இருபது வயது. பல்கலைக்கழகம் போகிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள், நான் பிரெஞ்சில் கேட்டால் ஆங்கிலத்தில் சிரிப்பாள். அவளிடம் பெருமையாகப் படத்தைக் காட்டி, பவளம் சொன்னதையும் சொன்னேன். பொய்யை எப்படியும் வீட்டுக்குள் ஒருவர் பாராட்ட வேண்டும் என்று ஆசை.

அபி தொலைபேசியை வாங்கினாள். விரலால் ஏதோ எண்ணினாள்.

"அம்மா, இதுக்கு எட்டுக் கை."

"வடிவா இருக்குத்தானே?"

"பனிப்பூக்கு ஆறுதான் அம்மா. எப்பவும் ஆறு. கார்டெரியில கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத வயசிலயே எங்களுக்குக் கடதாசிய ஆறா மடிச்சு வெட்டச் சொல்லித் தந்தவங்க. இது ஆரோ கம்ப்யூட்டர்ல கீறினது."

குழந்தைகள் காப்பகத்தில் நாலு வயதில் இவள் வெட்டிக் கொண்டுவந்த கடதாசிப் பூக்களைக் கதவில் ஒட்டி வைத்தவள் நான்தான். ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றவே தெம்பில்லாத காலம் அது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கண்காட்சிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். மற்றப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவராவது எண்ணத் தெரிந்தவராக இருப்பார். வாசலில், எல்லார் முன்னாலும், பவளம் தலை குனிந்து நிற்பாள். அதுவும் என்னால்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அபியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அதைவிட நல்ல யோசனை ஒன்று தோன்றியது. உண்மையான ஆறு கைப் பூவை நானே படம் எடுத்து, "முந்தினத விட இது தெளிவு, இதப் போடு" என்று அனுப்பிவிட்டால் முடிந்தது. பொய் இருந்த இடமே தெரியாது. பங்குனிக்கு மூன்று மாதம் இருந்தது. வானத்தில் பனிக்குப் பஞ்சமா?

3

நாங்கள் இருக்கும் செயின்ட்-மிஷேலுக்குப் பக்கத்தில் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் படப்பிடிப்பு வட்டம் ஒன்று கூடும். நடத்துபவர் மிரேய் என்ற ஓய்வுபெற்ற தாதி. சேர்வதற்குப் படிவம். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? குடிவரவுக் காலத்திலிருந்து அந்தக் கட்டத்தில் என் அப்பாவின் பெயரைத்தான் எழுதி வருகிறேன். ஆகவே மிரேயும் மற்ற எட்டுப் பேரும் குளிர்காலம் முழுவதும் என்னை "மதாம் வேலுப்பிள்ளை" என்றே அழைத்தார்கள். சைக்கிளைத் தவிர ஒரு இயந்திரத்தையும் தொட்டறியாத என் அப்பா மொன்றியலில் கமெராப் பழகினார்.

என் பிரெஞ்சு பண்டகசாலைப் பிரெஞ்சு. புவாண்ட்-கிளேரில் பெட்டி அடைக்கும் வேலை. பெட்டி, பாரம், கவனம், இடைவேளை, இந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடலாம். மிரேய் பொறுமையாகக் கையால் காட்டிக் காட்டிச் சொல்லித் தந்தார்.

பனிப்பூவைக் கறுப்புக் கம்பளித் துணியில் பிடிக்க வேண்டும். சின்னத் தூரிகையால் ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். கமெராவையும் துணியையும் முன்கூட்டியே வெளியே வைத்துக் குளிரூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டவுடன் உருகும். மூச்சு விடக் கூடாது. லென்ஸை அவ்வளவு கிட்டக் கொண்டுபோனால் தெளிவாகத் தெரிவது ஒரு மயிரின் தடிப்புக்கும் குறைவான ஒரு துண்டு மட்டும்தான். ஒரு கையின் நுனி தெளிந்தால் நடு மங்கும், நடுத் தெளிந்தால் நுனி மங்கும். ஆகவே கமெராவைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தி முப்பது நாற்பது படம் எடுத்து, பிறகு கணினியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஒவ்வொன்றிலும் தெளிவான துண்டை மட்டும் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்கிறார்கள். நான் அடுக்கல் என்கிறேன்.

எனக்கு உடனே ஒரு நம்பிக்கை பிறந்தது. "அப்படியென்றால் இதுவும் பொய்ப் படம்தானே?" என்று கேட்டேன். என் குற்றத்துக்கு ஒரு கூட்டாளி கிடைக்கட்டும் என்ற எண்ணம்.

மிரேய் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இல்லை மதாம். ஒவ்வொரு துண்டும் உங்கள் முன்னால் இருந்தது. இல்லாத ஒன்றையும் நீங்கள் சேர்க்கவில்லை."



4

தை மாதம் முழுவதும் எங்கள் பின் பல்கனியில் நின்று எடுத்தேன். பழைய கமெரா ஒன்றும் அதற்கேற்ற லென்ஸும் வட்டத்தில் ஒருவர் இரவல் தந்திருந்தார். சனிக்கிழமைதான் எனக்கு ஓய்வு. சனிக்கிழமைதான் பனியும் பெய்தது. ஆனால் விழுந்த பூவெல்லாம் கை கால் இல்லாத உருண்டையாக இருந்தன. மற்றவர்கள் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கொண்டுவந்து காட்ட, நான் ஒரு தட்டு ஜவ்வரிசியைக் காட்டினேன்.

ஒருநாள் என் உருண்டை ஒன்றைத் திரையில் பெரிதாக்கியதும் மிரேய் எழுந்தே நின்றுவிட்டார். உருண்டையின் நடுவில் தங்க நிறத்தில் ஒரு பொட்டு. சூரியன் உள்ளே இருப்பது போல ஜொலித்தது. இதை எப்படிச் செய்தீர்கள், என்ன வடிகட்டி போட்டீர்கள் என்று வட்டமே சுற்றி நின்றது. நான் தலையைக் கொஞ்சம் சரித்து, "இயற்கை" என்றேன்.

வீட்டுக்கு வந்து அபியிடம் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், பல்கனிக் கதவைப் பார்த்தாள், கதிரையில் விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அது அப்பாட மீன்."

இந்த இடத்தில் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க முடியாது. வீட்டுக்குள் மீன் பொரித்தால் அந்த மணம் குளிர்க் கோட்டில் ஏறிவிடும், சித்திரை வரை இறங்காது. மெற்றோவில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் போவார். அதனால் மீன் நாளில் கோட்டுகளை எல்லாம் அறைக்குள் பூட்டி, கதவின் கீழ் இடைவெளியில் துவாய் அடைப்போம். அபி பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய பிறகு அதுவும் போதாது என்று, என் கணவர் ஒரு மின்னடுப்பை வாங்கிப் பின் பல்கனியில் வைத்துவிட்டார். சனிக்கிழமை காலை, காதுத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மஞ்சளும் உப்பும் தூளும் பிரட்டிய பாரை மீனை மைனஸ் பன்னிரண்டில் நின்று பொரிப்பார். நான் அவருக்கு மூன்றடி தள்ளி நின்று பனிப்பூப் பிடித்திருக்கிறேன். விழுகிற பூவெல்லாம் அவருடைய பொரிக்கும் தாச்சி ஆவியைத் தாண்டி, கை உருகி உருண்டையாகித்தான் என் துணிக்கு வந்திருக்கின்றன. தங்கப் பொட்டு என்பது மஞ்சள் கரைந்த எண்ணெய்.

"ஒரு மாசமா ரெண்டு பேரும் பக்கத்தில நிண்டிருக்கிறம். உங்களுக்கும் தெரியல்லயா?" என்று அவரிடம் பாய்ந்தேன்.

"நான் மீனப் பாக்கிறதா, உன்னப் பாக்கிறதா?" என்றார் அவர். "மறுகா, நீதான் மூச்சு விடாத, கதைக்காத எண்டு சொன்ன."

மிரேயிடம் அந்த இயற்கையின் முழு விபரத்தையும் அடுத்த வாரம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார், பிறகு மீனின் செய்முறையை எழுதித் தரச் சொன்னார்.

5

மாசி பிறந்துவிட்டது. பவளம் ஒவ்வொரு வாரமும் கண்காட்சி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளை நம்பிப் பயனில்லை. எங்கள் பண்டகசாலையின் பின்பக்கம் லொறி வந்து நிற்கும் மேடையின் ஓரத்தில் காற்றுப் படாத ஒரு மூலை உண்டு. அங்கே காலை இடைவேளையில் கமெராவோடு குந்தினேன்.

மூன்றாம் நாள் பாதுகாப்பு உத்தியோகத்தர் வந்தார். வளாகத்தில் படம் எடுப்பது விதிமீறல். அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். மேற்பார்வையாளர் ஒரு சம்பவப் படிவத்தை எடுத்தார். பத்து வருடமாக இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறேன், அவர் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

"படம் எடுக்கப்பட்ட பொருள்?"

"பனிப்பூ."

அவர் என்னைப் பார்த்தார். எழுதினார்.

"பொருள் நிறுவனத்துக்குச் சொந்தமானதா?"

"தெரியாது. மேலேயிருந்து வந்தது."

"பொருள் தற்போது எங்கே உள்ளது?"

"உருகிவிட்டது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஆனால் கட்டத்தை வெறுமையாக விட இந்த நாட்டில் ஒருவருக்கும் மனம் வராது. திரும்ப எடுத்து, உருகிவிட்டது என்று எழுதினார். கையெழுத்து வைத்தேன். நாலு நாளில் ஒரு கடிதம் வந்தது. இடைவேளை நேரத்தில், மேடையின் வடக்கு மூலையில், கட்டடமோ பெட்டிகளோ வாகன இலக்கங்களோ உட்படாதவாறு, பனியை மட்டும் படம் எடுக்க மதாம் வேலுப்பிள்ளைக்கு அனுமதி உண்டு. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா என்று கணவரிடம் கேட்டேன். படத்தை முதலில் எடு என்றார்.

எடுத்தேன். பங்குனிக்கு ஒரு கிழமை இருக்கையில், மைனஸ் பதினைந்தில், காற்றே இல்லாத ஒரு காலை. கறுப்புத் துணியில் ஒன்று வந்து இருந்தது. ஆறு கை. ஒவ்வொரு கையிலும் சிறு கிளைகள், கிளையில் கிளைகள், நடுவில் மெல்லிய அறுகோணம். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னதாக அவ்வளவு வடிவான ஒன்றை நான் கண்டதில்லை. இருபத்திரண்டு வருடம் சவளால் வாரித் தள்ளி, உப்புப் போட்டு, திட்டித் தீர்த்தது இதையா?

"அம்மாடி" என்று வாய் திறந்தேன். அவ்வளவுதான். மூச்சுப் பட்டு ஒரு கையின் நுனி கண் முன்னாலேயே சுருங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, மிச்சத்தை நகர்த்தி நகர்த்தி முப்பத்தெட்டுப் படம் எடுத்தேன்.

அன்று பின்னேரம் அபி என் பக்கத்தில் இருந்து அந்த முப்பத்தெட்டையும் அடுக்கினாள். கணினி தானாகச் சேர்த்ததில் கம்பளி நூல் ஒன்று ஏழாவது கை போல நின்றது. அதைத் துண்டு துண்டாகத் திருத்தினாள். சுருங்கிய கையை மற்றக் கையிலிருந்து பிரதி எடுத்துச் சரியாக்கட்டுமா என்று கேட்டாள். நான் ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பிறகு வேண்டாம் என்றேன். மூன்று மணித்தியாலம் இரண்டு பேரும் தோளோடு தோள் உரச இருந்தோம். அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படி இருந்ததில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். "ஓம் அம்மா" என்றாள், தமிழில்.

6

படத்தைப் பவளத்துக்கு அனுப்பினேன். திட்டமிட்டபடி எழுதினேன்: "இது இன்னும் தெளிவு. முந்தினத எடுத்துப் போட்டு இதப் போடு."

அவள் அழைத்தாள். பின்னால் சுழலும் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"என்ன கா, இதில ஒரு கை கட்டையா இரிக்கு. முந்தினதுதான் வடிவு. பனரும் அடிச்சு வந்திட்டு, அஞ்சடி அகலம். பள்ளிக்கூடத்து அதிபரும் பாத்துப் புகழ்ந்திட்டுப் போறா. அதையே தொங்க விடுறன்."

இவ்வளவு பாடுபட்டு எடுத்த மெய், பொய்யிடம் வடிவில் தோற்றுவிட்டது. வேறு கதைகள் எனக்கு வாயில் வரிசையாக வந்தன. அந்தப் படத்தில் உரிமைப் பிரச்சினை, நிறம் சரியில்லை, எதையாவது சொல்லியிருக்கலாம். எப்படியோ, சொல்லவில்லை.

"பவளம், முதல் அனுப்பினது நான் எடுத்ததில்ல."

"விளங்கல்ல."

"இன்டர்நெட்டில எடுத்தது. ஆரோ கம்ப்யூட்டர்ல கீறினது. எட்டுக் கை இரிக்கு. மெய்யான பூவுக்கு ஆறுதான். எண்ணிப் பார்."

அவள் எழும்பிப் போவது கேட்டது. பனரை விரிக்கும் சரசரப்புக் கேட்டது. ஒன்று, ரெண்டு என்று அவள் வாய்விட்டு எண்ணுவதும் கேட்டது. ஏழில் கொஞ்சம் நின்றாள். பிறகு எட்டு என்றாள்.

"நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், சுகந்தி. பிள்ளைகள் எத இழுத்துக்கொண்டு வந்தாலும் முதல் எண்ணு, மறுகா நம்பு எண்டு சொல்றவள். இத நான் எண்ணல்ல. ஏன் தெரியுமா? நீ எடுத்ததெண்டு சொன்ன."

தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

ஒன்பது நாள். அவள் காலையில் அனுப்பும் சூரிய உதயப் படம் இல்லை, தேனீ இல்லை, காலை வணக்கம் இல்லை. நான் அனுப்பிய மன்னிப்புகளுக்கு நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. பாத்திரம் கழுவும்போது அழுதேன். "ஒரு பனிக்காகவா?" என்று கேட்ட கணவரை, மீனோடு சேர்த்து பல்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

பத்தாம் நாள் காலை இடைவேளையில் தொலைபேசி அதிர்ந்தது. அங்கே முன்னிரவு, கண்காட்சியின் முதல் நாள் முடிந்திருந்தது. ஒரு படம் வந்திருந்தது. பாடசாலை வாசல். ஐந்தடிப் பனரில் எட்டுக் கையும் மின்னிக்கொண்டிருந்தன. அதன் மேல் ஒட்டிய பழுப்புத் தாளில், "இதில் உள்ள பிழை யாது?" பக்கத்தில், சாதாரணத் தாளில் அச்சடித்த என் ஆறு கைப் பூ. பனரின் கீழே கொட்டை எழுத்தில், படம்: எமது பழைய மாணவி சுகந்தி. சின்னப் படத்தின் கீழே நீலப் பேனாவால், பவளத்தின் கையெழுத்தில், "இதையும் அவள்தான்."

வெட்கத்தில் காது சுட்டது. அதோடு, சொன்னால் என்ன, பெருமையாகவும் இருந்தது. படத்தில் பெண்பிள்ளைகள் பொய்யின் முன்னால்தான் கூட்டமாக நின்றார்கள். நானும் அதைத்தானே முதலில் தேர்ந்தேன்.

பிறகு அவளுடைய குரற்பதிவு ஒன்று வந்தது.

"பிள்ளைகள் கேட்டுதுகள், மற்றதில ஒரு கை ஏன் கட்டை எண்டு. எனக்குத் தெரியாது, எடுத்தவள்ட்டக் கேட்டுச் சொல்றன் எண்டிட்டன். நாளைக்கும் கண்காட்சி இரிக்கு. மெய்யச் சொல்லு."

மேடையின் வடக்கு மூலையில் நின்று, வாயிலிருந்து புகையாக மூச்சு வர, சொன்னேன்: "அந்த வடிவக் கண்டிட்டு என்னையறியாமச் சத்தம் போட்டிட்டன் கா. என்ட மூச்சுப் பட்டு உருகினது."

அவள் பதில் வர இடைவேளை முடியப் பார்த்தது.

"சரி. நம்புறன். ஆனா எண்ணிட்டன், ஆறு இரிக்கு. இனி நீ என்னத்த அனுப்பினாலும் எண்ணித்தான் பாப்பன், சொல்லிப்போட்டன்."

"எண்ணு" என்று எழுதி அனுப்பிவிட்டு, பெட்டி அடைக்க உள்ளே போனேன்.